தாடை மூட்டு நோவு: பல்லைப் பிடுங்குவதற்கு முன் அறிய வேண்டியவை

'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்பது எமது மூத்தோர் வாக்கு. உணவை நன்றாக மென்று உண்ண வேண்டும் என வலியுறுத்தும் இம்முதுமொழி, மெல்லுவதற்குரிய உறுப்பு செவ்வனே இயங்கிக் கொண்டிருக்கும் என்பதை எடுகோளாகக் கொண்டே கூறப்பட்டுள்ளது. நாம் பற்களைப் பற்றிப் பேசுகின்றோம். முரசு நோய்களைப் பற்றியும் பேசுகின்றோம். ஆனால் அப்பற்களைத் தாங்கும் கீழ்த்தாடையை மண்டையோட்டுடன் இணைக்கின்ற இரு சிறு மூட்டுகளைப் பற்றி, அவை வலிக்கத் தொடங்கும் வரை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வலிக்கத் தொடங்கிய பின்னரும் அந்த வலி மூட்டுக்குரியது என்பதைப் பலர் அறிவதில்லை. இதுவே கவலைக்குரிய விடயமாகும்.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நிலாவெளியில் எமது நெருங்கிய உறவினரான பெண்மணி ஒருவர் வசித்து வருகின்றார். சில வருடங்களுக்கு முன்னர் அவருக்கு இடப்பக்கக் கடைவாயில் நோவு ஏற்பட்டது. காலையில் எழும்போது கன்னம் விறைத்திருக்கும். மாலையில் காதுக்குள் குத்தும். தலையின் ஒரு பக்கம் இடிக்கும். சொத்தைப் பல் என அவரே முடிவு செய்து, ஒரு சிகிச்சை நிலையத்துக்குச் சென்று கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்குவித்துக் கொண்டார். நோவு தணியவில்லை. மூன்று மாதங்களின் பின்னர் அதற்கடுத்த பல்லும் பிடுங்கப்பட்டது. அதன் பின்னரும் நோவு இருந்த இடத்திலேயே இருந்தது. காதுக்கு மருந்து விட்டுப் பார்த்தார், பலனில்லை. இறுதியில் வேறொரு பல் வைத்தியர் அவரது இரு காதுகளுக்கும் முன்னால் விரல்களை வைத்து, "அம்மா, வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள்" என்றார். ஒரு நிமிடத்தில் நோய் இன்னதென்பது தெரிந்துவிட்டது. அது தாடை மூட்டினதும் அதனை இயக்கும் தசைகளினதும் நோவு. பிடுங்கப்பட்ட இரு பற்களுக்கும் அந்நோவுடன் எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை.

இவ்வாறான அனுபவம் அவருக்கு மாத்திரம் உரியதன்று. இந்நோயை அறிந்து வைத்திருப்பது ஏன் அவசியம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூட்டின் அமைப்பு

காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னே சுட்டுவிரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பார்த்தால், விரலின் கீழே ஏதோ ஒன்று உருண்டு முன்னோக்கி நகர்வதை உணரலாம். அதுவே கீழ்த்தாடை என்பின் மேல் முனையாகும். அது மண்டையோட்டிலுள்ள ஒரு குழியினுள் பொருந்தியிருக்கின்றது. இரண்டுக்கும் இடையே நாரினாலான மெல்லிய வட்டு ஒன்று மெத்தைபோல் அமைந்துள்ளது. முழங்கை மூட்டு கதவின் பிணைச்சலைப் போன்று மடங்கி நிமிர்வதோடு தன் பணியை முடித்துக் கொள்கின்றது. தாடை மூட்டோ முதலில் சுழல்கின்றது. வாய் மேலும் திறக்கும்போது குழியை விட்டு முன்னோக்கி வழுக்குகின்றது. வலது மூட்டும் இடது மூட்டும் ஒரே என்பின் இரு முனைகளாதலால், ஒன்றைத் தவிர்த்து மற்றையது தனித்து இயங்கவும் முடியாது. ஒரு பக்கத்துக் கோளாறு மறுபக்கத்தையும் பாதிப்பதற்கு இதுவே காரணமாகும்.

வளர்ந்த ஒருவரின் வாய் பொதுவாக 40 முதல் 55 மில்லிமீற்றர் வரை திறக்கக்கூடியது. இதனை அளப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. தமது சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய மூன்றையும் சேர்த்து, மேல் கீழ் முன்பற்களுக்கிடையே நிமிர்த்தி நுழைக்க முடியுமாயின் வாய் போதியளவு திறக்கின்றது எனக் கொள்ளலாம். இரண்டு விரல்களே நுழையுமாயின் அதற்கான காரணத்தை அறிய வேண்டும்.

நோயின் வடிவங்கள்

தாடை மூட்டுக் கோளாறு என்பது தனியொரு நோயன்று. பல நிலைகளுக்கு வழங்கும் பொதுப்பெயராகும். இவற்றுள் மிகப் பரவலாகக் காணப்படுவது தசைநோவாகும். கன்னத்திலும் நெற்றிப் பொட்டிலும் உள்ள மெல்லும் தசைகள் ஓய்வின்றி இறுகியிருப்பதால் இது உண்டாகின்றது. இரண்டாவது, நடுவிலுள்ள வட்டு தன் இடத்தை விட்டு நழுவுவதாகும். வாயைத் திறக்கும்போது 'டக்' என்ற ஓசை எழுவது இதனாலேயே. நோவில்லாத ஓசைக்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை. ஆயினும் ஓசை திடீரென நின்று, அத்துடன் வாயும் திறக்க மறுக்குமாயின் வட்டு இடையில் சிக்கிக்கொண்டது எனக் கருத வேண்டும். மூன்றாவது, வாதநோய்கள் ஏனைய மூட்டுகளைப் போன்று இம்மூட்டையும் தாக்குவதாகும். இவை தவிர, கொட்டாவி விடும்போது தாடை கழன்று வாய் மூட முடியாமற் போவதும் உண்டு.

வளர்ந்தோரில் நூற்றுக்கு 5 முதல் 12 பேர் வரை இக்கோளாறுகளுக்கு உட்படுகின்றனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. ஆண்களை விடப் பெண்களே இதனால் அதிகம் பாதிக்கப்படுகின்றனர். முதுமையில் வரும் நோய் என எண்ணுவதும் தவறாகும். உழைக்கும் வயதினரும் பிள்ளைகளை வளர்க்கும் வயதினருமே இதற்கு அதிகம் ஆளாகின்றனர்.

இந்நோய் உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் வாழ்வின் சிறிய இன்பங்களை ஒவ்வொன்றாகப் பறித்துவிடுகின்றது. இறைச்சியை மெல்ல முடிவதில்லை. கச்சானைக் கடிக்க முடிவதில்லை. பந்தியில் மற்றவர்கள் எழுந்த பின்னரும் பாதிச் சோற்றுடன் இருப்பதற்கு வெட்கப்பட்டு, கலியாண வீடுகளுக்குச் செல்வதையே தவிர்ப்போர் உள்ளனர். வகுப்பறையில் நாள் முழுவதும் பேச வேண்டிய ஆசிரியருக்கும், தேவாரம் பாடுபவருக்கும், அல்-குர்ஆனை ஓதுபவருக்கும், சந்தையில் விலை கூவி விற்பவருக்கும் தாடையே தொழிற்கருவி. அது நோகும்போது அவர்களது பேச்சு குறைகின்றது. பேச்சு குறையும்போது வீட்டிலுள்ளவர்கள் அதனைக் கோபமென்று நினைத்துக் கொள்கின்றனர். வெளியே வீக்கமில்லை, காயமில்லை; எக்ஸ்றே படத்திலும் பெரும்பாலும் எதுவும் தெரிவதில்லை. ஆதலால் நோவைச் சொல்லுபவரை மற்றவர்கள் நம்புவதுமில்லை. இந்நோயின் மிகக் கொடிய பக்கம் இதுவெனலாம்.

காரணம் எங்கே உள்ளது?

1934ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் கோஸ்டன் என்ற காது, மூக்கு, தொண்டை வைத்தியர், காது நோவும் தலையிடியும் கொண்ட சிலரைப் பரிசோதித்து, கடைவாய்ப் பற்களை இழந்ததால் தாடை மூட்டு நிலைகுலைந்தமையே அதற்குக் காரணம் என எழுதினார். அவரது விளக்கத்தின் பெரும்பகுதி பின்னர் ஏற்கப்படவில்லை. எனினும், பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமையே இந்நோயின் மூலம் என்ற எண்ணம் பல தசாப்தங்களாக நீடித்தது. நல்ல பற்களை அராவுவதும், பிடுங்குவதும், கட்டுவதும் சிகிச்சையெனக் கருதப்பட்டன. இன்றைய ஆய்வுகள் பற்களின் பொருத்தத்துக்கு மிகச் சிறிய இடத்தையே அளிக்கின்றன.

அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒப்பேரா என்னும் பெரும் ஆய்வில், தாடை நோவற்ற 2,700க்கும் மேற்பட்டோர் தொடர்ந்து அவதானிக்கப்பட்டனர். அவர்களுள் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேருக்குப் புதிதாக இந்நோவு தோன்றியது. நித்திரை கெட்டவர்களும், உடலின் வேறு இடங்களிலும் நோவுள்ளவர்களும், மனவழுத்தத்துக்கு உட்பட்டவர்களும் இதற்கு அதிகம் ஆளாகியமை கண்டறியப்பட்டது. இந்நோவு தாடையில் தோன்றினாலும், அதன் வேர்கள் வாழ்க்கை முழுவதிலும் பரவியுள்ளன என்பதே இதன் பொருளாகும்.

நிலாவெளி போன்ற ஊர்களுக்கு இவ்வுண்மை மிக நெருக்கமானது. மூன்று தசாப்தகால யுத்தம் இப்பகுதித் தமிழ், முஸ்லிம் மக்களை மீண்டும் மீண்டும் இடம்பெயரச் செய்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை இக்கரையோரத்தைச் சூறையாடியது. யுத்தம் 2009இல் ஓய்ந்தது. ஆயினும் இழப்புகளைச் சுமந்தவர்களின் நித்திரை அதே நாளில் திரும்பி வந்துவிடவில்லை. துயரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது என்று நாம் சொல்வது வெறும் பேச்சு வழக்கு மாத்திரமன்று. மனம் இறுகும்போது தாடையும் இறுகுகின்றது. இயல்பு நிலையில் மேற்பற்களும் கீழ்ப்பற்களும் தொட்டுக்கொள்ளாமல் சற்று விலகியே இருக்க வேண்டும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் மாத்திரமே அவை சந்திக்கின்றன. பகலில் தம்மையறியாது பற்களைக் கடித்துக்கொண்டிருப்பவரும், இரவில் நித்திரையில் பற்களை நறநறப்பவரும் அத்தசைகளுக்கு ஓய்வே அளிப்பதில்லை. துன்பத்தை அனுபவித்த அனைவருக்கும் இந்நோவு வரும் எனக் கூறுவது தவறாகும். எனினும் இத்தகையதோர் ஊரில் தாடை நோவென்று வருபவரிடம், 'எந்தப் பல்?' எனக் கேட்பதற்கு முன் 'நித்திரை எப்படி?' எனக் கேட்பது பொருத்தமானதே.

மெல்லும் தசைகளின் நோவு பற்களிலும், காதிலும், நெற்றிப் பொட்டிலும் உணரப்படக்கூடியது. நோவு உண்டாகும் இடம் ஒன்று, அது தெரியும் இடம் வேறொன்று. எமது உறவினர் இரண்டு பற்களை இழந்தமைக்கு இதுவே காரணம். குளிர்ந்த நீருக்குக் கூசாத, தட்டினால் நோகாத, சொத்தையில்லாத ஒரு பல்லைப் பிடுங்குமாறு எவரும் வற்புறுத்தக் கூடாது. வைத்தியரும் அதற்கு இணங்கக் கூடாது.

பாக்கினால் இறுகும் வாய்

வாய் திறக்க மறுப்பதற்கு முற்றிலும் வேறான இன்னொரு காரணமும் எம்மிடையே உண்டு. அதனைத் தாடை மூட்டு நோவுடன் குழப்பிக் கொள்வது பெரும் ஆபத்தாகும். வெற்றிலைத் தட்டம் தமிழர் இல்லங்களிலும் முஸ்லிம் இல்லங்களிலும் ஒரே மதிப்புடன் வைக்கப்படும் பொருளாகும். கடலுக்குச் செல்வோரும் வயலில் நிற்போரும் களைப்புத் தீர வெற்றிலைக் கூறு போடுவது வழக்கமாக உள்ளது. அதிலுள்ள பாக்கின் இரசாயனப் பொருட்கள் வாயின் உட்தோலுக்குக் கீழே நாரிழையத்தைப் பெருகச் செய்கின்றன. மென்மையாக நெகிழ வேண்டிய கன்னம் தோற்பட்டையைப் போல் இறுகுகின்றது. உறைப்புப் பட்டால் வாய் எரிகின்றது; உட்கன்னம் வெளிறுகின்றது; விரலால் தடவினால் கயிறு போன்ற பட்டிகள் தட்டுப்படுகின்றன; பின்னர் மாதந்தோறும் வாய் சிறுத்துக்கொண்டே செல்கின்றது. 1952ஆம் ஆண்டு கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இந்நிலை கண்டு எழுதப்பட்டதன் பின்னரே நவீன மருத்துவ உலகம் இதனைத் தனியொரு நோயாக ஆராயத் தொடங்கியது.

இந்நோய் பாக்கை நிறுத்தினாலும் முற்றாகத் திரும்புவதில்லை. நிறுத்தாவிடில் மேலும் இறுகும். அத்துடன் இது புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை சேராத பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. இலங்கையில் ஆண்களிடையே முதலிடம் வகிக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே என்பதை இங்கு மறந்துவிடலாகாது. 2016 செப்டெம்பரில் வெளியான வர்த்தமானி அறிவித்தல் மூலம் புகையற்ற புகையிலைப் பொருட்களின் உற்பத்தியும் விற்பனையும் தடைசெய்யப்பட்டன. ஆனால் 'புகையிலை சேர்க்காமல்தானே போடுகின்றேன்' என்ற சமாதானம் பாக்கின் முன் செல்லுபடியாகாது.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது கடினமன்று. தாடை மூட்டு நோயில் காதுக்கு முன்னாலோ கன்னத் தசையிலோ அழுத்தும்போது நோகும். உட்கன்னம் மென்மையாகவே இருக்கும். பாக்கு நோயில் எரிவும், வெளிறலும், கயிறு போன்ற இறுக்கமும் இருக்கும். மூட்டில் நோவு இராது. வெற்றிலை, பாக்கு போடும் ஒருவரின் வாய் சிறுக்கத் தொடங்குமாயின், அது தானாகச் சரிவரும் எனக் காத்திருக்கக் கூடாது.

கத்தியினால் வந்த பாடம்

கழன்ற தாடையைப் பொருத்தும் கலை மிகப் பழைமையானது. பண்டைய எகிப்திய மருத்துவ ஏடொன்றில் அது கூறப்பட்டுள்ளது. கோர்டோவாவில் வாழ்ந்த அல்-ஸஹ்ராவியும், இப்னு ஸீனாவும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் தமது மருத்துவ நூல்களில் அதனை விளக்கியுள்ளனர். பெருவிரல்களால் தாடையைக் கீழ்நோக்கி அழுத்திப் பின்னோக்கித் தள்ளும் முறையே இன்றும் விபத்துப் பிரிவுகளில் கையாளப்படுகின்றது.

எனினும் நீடித்த மூட்டு நோவை அவசரமாகக் கத்தியினால் தீர்க்க முனைந்தபோது ஏற்பட்ட விளைவு வேறு. அமெரிக்காவில் 1980களில், பழுதடைந்த வட்டை அகற்றி அதற்குப் பதிலாக டெப்லோன் கலந்த செயற்கைப் பொருளைப் பொருத்தும் சத்திரசிகிச்சை பரவியது. வைடெக் என்னும் நிறுவனம் அதனைத் தயாரித்தது. மெல்லும் விசையைத் தாங்காது அப்பொருள் துகள்களாக உதிர்ந்து, சுற்றியிருந்த என்பையே அரிக்கச் செய்தது. 1990களின் தொடக்கத்தில் அவை திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் முன்பிருந்த நோவிலும் பெரிய நோவுக்கு ஆளாகியிருந்தனர்.

இப்பாடத்தின் பின்னரே மருத்துவ உலகம் நிதானமடைந்தது. 2023 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை வெளியிட்ட சர்வதேச வழிகாட்டி, நீடித்த தாடை நோவுக்கு மிக உறுதியாகப் பரிந்துரைப்பவை எளிய முறைகளே: நோயை விளக்கிக் கூறி அச்சத்தைப் போக்குதல், தாடைப் பயிற்சிகள், பயிற்றப்பட்டவரின் கைகளால் தசையையும் மூட்டையும் இளக்குதல், நோவைக் கையாள மனதைப் பழக்கும் உளவியல் சிகிச்சை என்பனவாம். பற்களின் பொருத்தத்தை நிரந்தரமாக மாற்றும் சாதனங்களுக்கும், வட்டை அகற்றும் சத்திரசிகிச்சைக்கும் எதிராகவே அது பரிந்துரைக்கின்றது.

வீட்டில் செய்யக்கூடியவை

உதடுகள் மூடியிருக்க, பற்கள் விலகியிருக்க, நாவின் நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னே இலேசாகத் தங்கியிருக்கட்டும். இதனை ஒவ்வொரு மணித்தியாலமும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். தொழுகைக்கு அழைக்கும் பாங்கோசையையும் கோயில் மணியோசையையும் அந்நினைவூட்டலாகக் கொள்ளலாம். சில வாரங்களுக்குப் பிட்டு, இடியப்பம், கஞ்சி, மீன், முட்டை போன்ற மென்மையான உணவுகளை உண்டு, முறுக்கு, கச்சான், கரும்பு, கடினமான இறைச்சி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நோன்பு காலத்தில் இப்தார் வேளையில் பொரித்த கடினமான பண்டங்களுக்குப் பதிலாக நோன்புக் கஞ்சியும் ஊறவைத்த பேரீச்சம்பழமும் தாடைக்கு இதமானவை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவைகள், 15 நிமிடங்கள் வீதம் கன்னத்தில் ஒத்தடமாக வைக்கலாம். கொட்டாவி வரும்போது நாடியின் கீழ் கையை வைத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும். சுளுக்கு எடுப்பதாகக் கூறித் தாடையை வெடுக்கென இழுப்பதற்கு எவரையும் அனுமதிக்கக் கூடாது. வலிநிவாரணிகளைத் தொடர்ந்து உட்கொள்வதாயின் வைத்தியரின் ஆலோசனை அவசியமாகும். பெரும்பாலானோருக்கு இந்நோவு இவற்றாலேயே காலப்போக்கில் தணிகின்றது.

ஆயினும் சில அறிகுறிகளைக் கண்டால் தாமதிக்கலாகாது. நெஞ்சு இறுக்கத்துடனோ வியர்வையுடனோ வரும் தாடை நோவு மாரடைப்பாக இருக்கலாம். ஐம்பது வயதைக் கடந்தவருக்கு மெல்லும்போது தாடை சோர்ந்து, புதிதாகத் தலையிடியும் பார்வை மங்கலும் ஏற்படுமாயின், அது கண்ணைப் பறிக்கக்கூடிய இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். காய்ச்சலுடன் வாய் பூட்டிக்கொள்வது, முகம் விறைப்பது, வாயில் ஆறாத புண் அல்லது கட்டி, காயமொன்றின் பின் தாடை இறுகுவது ஆகிய அனைத்தும் உடனே வைத்தியசாலையில் காட்டப்பட வேண்டியவை. நாடி அடிபட விழுந்த சிறு பிள்ளைக்குச் சில மாதங்களின் பின் வாய் சிறுக்குமாயின், மூட்டு என்புடன் ஒட்டிக்கொள்கின்றதா எனப் பரிசோதிக்க வேண்டும். கவனியாது விட்டால் அப்பிள்ளையின் தாடை வளர்ச்சி குன்றி, முகத்தின் அமைப்பே மாறிவிடும்.

செய்ய வேண்டியது

நிலாவெளியிலுள்ள ஒருவர் முதலில் அணுக வேண்டியவர் அரச வைத்தியசாலையின் பல் வைத்தியரே. தேவையேற்படின் அவர் வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் தருவார். மேலதிக சிகிச்சைக்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையும் கொழும்பிலுள்ள தேசிய பல் வைத்தியசாலையும் உள்ளன. ஆனால் நாட்கூலியை இழந்து, ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கொழும்புக்குச் செல்வதென்பது சுமார் 260 கிலோமீற்றர் பயணம். பெரும்பாலான தாடை நோவுக்கு அப்பயணமே தேவையில்லை என்பதே இங்கு வலியுறுத்தப்பட வேண்டியது. ஓர் அளவுகோலால் வாயின் திறப்பை அளந்து பதிவதும், வெற்றிலை பாக்குப் பழக்கத்தை விசாரிப்பதும், நான்கு எளிய பயிற்சிகளைச் சொல்லிக்கொடுப்பதும் கிராமத்து வைத்தியசாலையிலேயே செய்யக்கூடியவை. 1980களில் பேராதனையைச் சேர்ந்த சமன் வர்ணகுலசூரிய உள்ளிட்டோர், கிராமங்களிலுள்ள ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றி வாய்ப் புற்றுநோயின் முன்னறிகுறிகளைக் கண்டறிய முடியும் என்பதை இந்நாட்டிலேயே செய்து காட்டினர். அதே பணியாளர்களுக்கு மூன்று விரல் சோதனையையும் கற்பிப்பது அரிதான காரியமன்று. கோயில் மடங்களிலும் பள்ளிவாசல்களிலும் மாதர் சங்கங்களிலும் இதனை ஓரிரு நிமிடங்களில் எடுத்துரைக்கலாம்.

எமது உறவினர் பயிற்சிகளைத் தொடங்கி ஏறத்தாழ பத்து வாரங்களில் மீண்டும் நோவின்றி உண்ணத் தொடங்கினார். பற்களைக் கடிக்கும் பழக்கத்தை விடுவதற்கே அதிக காலம் சென்றதாகக் கூறுவார். இன்று அவர் வலப்பக்கத்தாலேயே மெல்லுகின்றார். இடப்பக்கத்தில் மெல்லுவதற்குப் பற்கள் இல்லை. நோவு தீர்ந்துவிட்டது; பிடுங்கிய பற்கள் திரும்பி வரவில்லை. அடுத்தவருக்கு அந்நிலை ஏற்படாதிருக்க, பல்லைப் பிடுங்குவதற்கு முன்னர் காதுக்கு முன்னால் ஒரு விரலை வைத்துப் பார்ப்பதே போதுமானதாகும்.